ஹீட் பம்ப் முன்னா, வடிகால் முன்னா?

பிரிட்டனில் கேஸ் குழாய் எட்டாத கிராமங்களில் வீடு வாங்கிய வாசகர்களின் கேள்விகளே இந்த முறை நிறைய. ஊரிலிருந்தும் இரண்டு வந்திருக்கின்றன.

லிங்கன்ஷயர் வாசகர்: பழைய செங்கல் வீடு. தோட்டத்தில் எண்ணெய்த் தொட்டி, உள்ளே வயதான பாய்லர். இந்தக் குளிர்காலத்துக்குள் ஹீட் பம்புக்கு மாறிவிட வேண்டும் என்கிறார் மனைவி. பின்சுவர் எப்போதும் ஈரமாக இருக்கிறதே என்பது என் கவலை. எதில் முதலில் கை வைப்பது?

சுவரில். ஈரச் சுவர் காய்ந்த சுவரைவிட வேகமாக வெப்பத்தை வெளியே விடும். அதைச் சரிசெய்யாமல் எவ்வளவு நல்ல பம்ப் மாட்டினாலும் அந்த வழியே காசு போய்க்கொண்டே இருக்கும்.

அடுத்த பெருமழையில் குடை பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். கூரைத் தண்ணீரை ஏந்தும் பீலி எந்த இடத்தில் வழிகிறது? இறங்கு குழாயின் தண்ணீர் வடிகாலுக்குள் போகிறதா, சுவரோரம் தேங்குகிறதா? அடுத்து, தரைமட்டத்தைப் பாருங்கள். மண்ணின் ஈரம் மேலே ஏறாமலிருக்கச் சுவருக்குள் ஒரு தடுப்புப் படலம் வைத்திருப்பார்கள். வெளித்தரை அதற்கு 150 மில்லிமீட்டராவது கீழே இருக்க வேண்டும். ஆனால் வீட்டில் குடியிருந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒரு பூப்பாத்தி, ஒரு சிமென்ட் நடைபாதை என்று போட்டுப் போட்டுத் தரையை உயர்த்தியிருப்பார்கள். அதை வெட்டி இறக்கினாலே பல சுவர்கள் தாமாகக் காய்ந்துவிடும்.

அதற்கும் அடங்காத நீர் என்றால் துளையிட்ட குழாயைச் சரளைக்கல்லுக்குள் புதைத்து ஒரு வடிகால் ஓட்டுங்கள். அஸ்திவாரத்தை ஒட்டித் தோண்டக் கூடாது. பழைய வீடுகளின் அஸ்திவாரம் ஆழமில்லாதது. அந்த நீர் போய்ச் சேரும் உறிஞ்சு குழி வீட்டிலிருந்து 5 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். ஹீட் பம்பின் குழாய்க்கும் மின்கம்பிக்கும் பள்ளம் வேண்டியிருந்தால் அதையும் அதே வாரத்தில் தோண்டிவிடுங்கள். புல்தரையை இரண்டு முறை கிழிக்க வேண்டியதில்லை.

மதுரை வாசகர்: வெளியே உறைபனி. அந்தக் காற்றிலிருந்து வீட்டுக்குச் சூடு எடுக்கிறார்களாம். நம்பச் சொல்கிறீர்களா?

நம்பலாம். உங்கள் ஃபிரிட்ஜின் பின்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். உள்ளே இருக்கும் வெப்பத்தை வாரி அது வெளியே கொட்டுகிறது. ஹீட் பம்ப் தோட்டத்துக் காற்றின் வெப்பத்தை வாரி வீட்டுக்குள் கொட்டுகிறது.

இன்றைய பல பம்புகளில் ஓடும் திரவம் புரொப்பேன். அது கொதிப்பது மைனஸ் 42 டிகிரியில். அதற்கு மைனஸ் 5 டிகிரிக் காற்றே சூடுதான்! அந்தச் சூட்டில் ஆவியாகிறது; கம்ப்ரஸர் அதை அழுத்தும்போது சூடு ஏறுகிறது; அந்தச் சூட்டை ரேடியேட்டர் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு மறுபடி திரவமாகிறது. மின்சாரம் செலவாவது பெரும்பாலும் இந்த அழுத்தத்துக்குத்தான். அதனால்தான் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் அளவு வெப்பம் கிடைக்கிறது.

நார்ஃபோக் வாசகர்: புதுச் சரக்கு. பத்து வருஷம் போகட்டும், பார்க்கலாம் என்கிறார் என் அண்டை வீட்டுக்காரர்.

அவரை நார்விச் நகர வரலாற்றைப் புரட்டச் சொல்லுங்கள், உங்கள் பக்கத்து ஊர்தான். 1945-ல் ஜான் சம்னர் என்ற பொறியாளர் அங்கே ஆற்று நீரிலிருந்து வெப்பம் எடுத்து நகர மின்துறைக் கட்டடத்தைச் சூடாக்கிக் காட்டினார். இந்த முறையில் கட்டடத்தைச் சூடாக்கலாம் என்று கெல்வின் பிரபு எழுதியது 1852-ல். நார்வே, ஸ்வீடன், பின்லாந்து மூன்றும் பிரிட்டனைவிடக் குளிர்ந்த நாடுகள். ஐரோப்பாவில் வீட்டுக் கணக்குப்படி ஹீட் பம்ப் அதிகம் இருப்பதும் அங்கேதான்.

ஷ்ராப்ஷயர் வாசகி: எண்ணெயைவிட மின்சாரம் விலை அதிகம். மாறினால் செலவு குறையுமா, கூடுமா? நேராகச் சொல்லுங்கள்.

நேராகவே சொல்கிறேன் அம்மா, கணக்கை நீங்களே போட்டுவிடலாம். ஒரு லிட்டர் எண்ணெயில் சுமார் 10 யூனிட் வெப்பம். பழைய பாய்லர் அதில் 8 யூனிட்டை வீட்டுக்குத் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் புகைபோக்கி வழியே போகிறது. ஒன்றுக்கு மூன்று தரும் ஹீட் பம்ப் அந்த 8 யூனிட்டைத் தர சுமார் 2.7 யூனிட் மின்சாரம் எடுக்கும். உங்கள் மின்கட்டணத்தை 2.7-ஆல் பெருக்குங்கள். வருகிற தொகை எண்ணெயின் லிட்டர் விலையைவிடக் குறைவு என்றால் லாபம், அதிகம் என்றால் நஷ்டம்.

ஆனால் அந்த "ஒன்றுக்கு மூன்று" கல்லில் செதுக்கியதல்ல. ஒன்றுக்கு நான்கு கிடைத்தால் 2 யூனிட் போதும். இரண்டரைதான் என்றால் 3.2 யூனிட் வேண்டும். இதைத் தீர்மானிப்பது பம்பின் பிராண்டைவிட, ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரின் சூடு. 55 டிகிரியில் ஓட்டினால் பில் ஏறும். 40 டிகிரியிலேயே வீடு சூடாகிறது என்றால் இறங்கும். குறைந்த சூட்டில் வீடு சூடாக வேண்டுமானால் ரேடியேட்டர் பெரிதாக இருக்க வேண்டும், பரண்மேல் விரிக்கும் வெப்பக்காப்புப் போர்வை தடிமனாக இருக்க வேண்டும், சுவர் காய்ந்திருக்க வேண்டும். பம்ப் விற்க வருகிறவர் இந்த மூன்றையும் பற்றிப் பேசாவிட்டால் வேறு ஆளைக் கூப்பிடுங்கள்.

ஹாம்ப்ஷயர் வாசகி: மாட்டி ஒரு மாதம் ஆகிறது. ரேடியேட்டரைத் தொட்டால் கை சுடவே இல்லை. ஏமாந்துவிட்டோமா?

ரேடியேட்டரைத் தொடாதீர்கள், அறையில் ஒரு வெப்பமானி வையுங்கள். அது 20 டிகிரி காட்டினால் யாரும் உங்களை ஏமாற்றவில்லை. பாய்லர் காலத்துப் பழக்கத்தில் காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் மூன்று மணி நேரம் என்று போட்டு அணைக்காதீர்கள். இளஞ்சூட்டில் நாள் முழுக்க ஓடவிடுங்கள்.

கென்ட் வாசகர்: அண்ணை, எங்கட செப்டிக் டேங்க் தண்ணி பின்னால இருக்கிற ஓடைக்கு நேரே போகுது. முந்தி இருந்த ஆக்களும் அப்பிடித்தான் விட்டவை. பிரச்சினை வருமோ?

வரும் தம்பி. முந்தியிருந்தவர்களைக் காட்டித் தப்ப முடியாது. இங்கிலாந்தில் 2020 ஜனவரி 1 முதல் செப்டிக் டேங்கின் நீரை ஓடைக்கோ ஆற்றுக்கோ நேரே விடுவது விதிமீறல். செப்டிக் டேங்க் திடக்கழிவை அடியில் தங்கவிடுகிறதே ஒழிய நீரைச் சுத்தமாக்குவதில்லை. தெளிந்து தெரியும் அந்த நீரில் கிருமியும் அம்மோனியாவும் அப்படியே இருக்கும். உங்கள் ஓடையில் மீன் இருந்தால் முதல் அடி அதற்கு. கீழே மாடு குடிக்கிறதென்றால் அடுத்த அடி அதற்கு.

வழி இரண்டு. காற்றூட்டிச் சுத்திகரிக்கும் ட்ரீட்மென்ட் பிளான்ட் ஒன்றைப் புதைத்தால், நாளுக்கு 5,000 லிட்டர் வரை பொது விதிகளுக்கு உட்பட்டு ஓடைக்கு விடலாம். பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதிகளுக்கு அருகில் என்றால் தனி அனுமதி வேண்டும். இல்லாவிட்டால், டேங்க் நீரைத் துளைக்குழாய்கள் வழியே நிலத்துக்குள் பரப்பலாம். அதற்கு நிலம் குடிக்க வேண்டும்.

அதே வாசகர்: நிலம் குடிக்குமோ குடிக்காதோ எண்டு எப்பிடித் தெரியும்?

குழி வெட்டித் தண்ணீர் ஊற்றிப் பார்த்துத்தான். மண்வெட்டியும் வாளியும் கடிகாரமும் போதும். துளைக்குழாய் போகவேண்டிய ஆழத்துக்கு முதலில் தோண்டுங்கள். அதற்கும் கீழே 300 மில்லிமீட்டர் நீள, அகல, ஆழத்தில் ஒரு சதுரக் குழி. அதை நிரப்பி ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் மறுபடி நிரப்பி, நீர்மட்டம் முக்கால் குழியிலிருந்து கால் குழிக்கு, அதாவது 150 மில்லிமீட்டர், இறங்க எத்தனை விநாடி என்று எண்ணுங்கள். அதை 150-ஆல் வகுத்தால் ஒரு எண் வரும். 12-க்குக் கீழே என்றால் நிலம் அவசரமாகக் குடிக்கிறது. அழுக்கு வடிகட்டப்படாமல் நிலத்தடி நீரில் சேரும். 100-க்கு மேலே என்றால் களிமண். அங்கே துளைக்குழாய் போடுவது வீண்.

உங்களுக்கு 100 நிமிடம் ஆனது என்று வையுங்கள். 6,000 விநாடியை 150-ஆல் வகுத்தால் 40. வீட்டில் ஐந்து பேர். ஐந்தை 40-ஆல் பெருக்கி நான்கால் வகுத்தால் 50 சதுர மீட்டர். அவ்வளவு பரப்புக்கு வாய்க்கால் தேவை. அது வீட்டிலிருந்து 15 மீட்டர், ஓடையிலிருந்து 10 மீட்டர், கிணற்றிலிருந்து 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். கோடையில் சோதித்துவிட்டுக் குளிர்காலத்தில் அழாதீர்கள். நிலத்தடி நீர் ஏறியிருக்கும் மாதத்திலும் ஒரு முறை குழியைத் திறந்து பாருங்கள். சோதனை பலிக்காத நிலத்தில் "பழகிப் போயிடும், போடுவோம்" என்று சொல்லும் ஆளை நம்பாதீர்கள்.

டெவன் வாசகி: ஈரத் துடைப்பான் பாக்கெட்டில் "ஃப்ளஷ் செய்யலாம்" என்று போட்டிருக்கிறதே?

வேண்டாம்.

சஃபோக் வாசகி: வாரம் ஒரு முறை மீன் பொரிப்போம், வடை சுடுவோம். எண்ணெயைச் சுடுதண்ணீர் விட்டு ஸிங்க்கில் ஊற்றினால் போய்விடுகிறது.

உங்கள் கண்ணைவிட்டுப் போகிறது அம்மா, குழாயைவிட்டுப் போவதில்லை. நாலைந்து மீட்டர் தாண்டியதும் குளிர்ந்து குழாய்ச் சுவரில் ஒட்டும். நெய்யும் தேங்காயெண்ணெயும் அந்த ஊர்க் குளிரில் வெண்கட்டியாகவே உறையும். மிச்சம் டேங்கில் ஆடையாக மிதந்து, ஒரு நாள் துளைக்குழாய்க்குள் புகுந்து நிலத்தின் வாயை அடைக்கும். ஆற வைத்து டப்பாவில் ஊற்றுங்கள். வாணலியைக் காகிதத்தால் துடைத்த பிறகே கழுவுங்கள். ப்ளீச்சையும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். டேங்கில் வேலை செய்யும் பாக்டீரியாவை அது கொல்லும்.

வேல்ஸ் வாசகர்: ஹீட் பம்பின் அடியில் தண்ணீர் ஒழுகிப் பாதையில் பனிக்கட்டியாகிறது. அம்மா வழுக்கி விழப் பார்த்தார். மெஷினில் கோளாறா?

மெஷினில் இல்லை, வைத்த விதத்தில். ஈரக் காற்று வீசும் குளிரில் வெளிப்பெட்டியின் தகடுகளில் பனி படியும். பம்ப் அவ்வப்போது சுழற்சியைத் திருப்பிப்போட்டு அதை உருக்கும். அப்போது நீராவி எழும், தண்ணீர் கொட்டும். அதற்குப் போக்கிடம் வேண்டும். பெட்டிக்கு அடியில் உறைபனி எட்டாத ஆழத்துக்குச் சரளைக்கல் குழி வெட்டச் சொல்லுங்கள். இன்றே அந்தப் பாதையில் உப்புத் தூவிவிடுங்கள், வேறு வாசல் இருந்தால் அம்மா அதில் போகட்டும்.

புரொப்பேன் பம்பாக இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். புரொப்பேன் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் படர்ந்து பள்ளத்தைத் தேடும். அதனால் பெட்டியைச் சுற்றித் தயாரிப்பாளர் குறித்திருக்கும் பாதுகாப்பு எல்லைக்குள் திறந்த வடிகால் வாயோ மேன்ஹோலோ ஜன்னலோ இருக்கக் கூடாது. ஹீட் பம்ப்காரரும் வடிகால்காரரும் ஒரே நாளில் ஒரே வரைபடத்தைப் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

நார்தம்பர்லாந்து வாசகர்: புயலில் கரண்ட் போனால் விறைத்துச் சாக வேண்டியதுதானா?

கரண்ட் போனால் எண்ணெய் பாய்லரும் நின்றுவிடும், அதன் பர்னருக்கும் மின்சாரம் வேண்டும். 2021 நவம்பரில் அர்வென் புயல் அடித்தபோது உங்கள் பக்கத்தில் சில வீடுகளுக்கு ஒரு வாரத்துக்கு மேல் மின்சாரம் வரவில்லை. விறகடுப்பு இருந்தால் இடித்துவிடாதீர்கள். நான் அங்கே இருந்தால் வைத்துக்கொள்வேன்.

கோத்தகிரி வாசகர்: நம் நீலகிரிக்கு ஹீட் பம்ப் ஆகுமா?

குளிக்கும் வெந்நீருக்கு நன்றாகவே ஆகும். கீசர் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் சூடுகூட முழுதாகத் தராது. ஹீட் பம்ப் ஒன்றுக்கு இரண்டு மூன்று தரும். சிறு குடும்பத்துக்கு முதலீடு கட்டுப்படியாகாமல் போகலாம்; நாலைந்து அறை வாடகைக்கு விடுகிறவர்கள் விலை விசாரிக்கலாம்.

சாமர்செட் வாசகர்: ஹீட் பம்புக்கு அரசு மானியம் உண்டாமே, யாரைப் பிடிப்பது?

யாரையும் பிடிக்க வேண்டாம். இங்கிலாந்து, வேல்ஸில் 7,500 பவுண்டு மானியம். விண்ணப்பிப்பது உங்கள் வேலையல்ல, எம்.சி.எஸ். என்ற தரச்சான்று பெற்ற நிறுவனமே விண்ணப்பித்துத் தொகையை உங்கள் பில்லில் கழித்துக்கொள்ளும். ஸ்காட்லாந்தில் தனித் திட்டம். கிராமப்புறத்துக்குக் கூடுதலாக 1,500 சேர்த்து 9,000 பவுண்டு வரை. பொருளுக்கும் மாட்டும் கூலிக்கும் வாட் வரி பூஜ்யம், 2027 மார்ச் 31 வரை.

கையெழுத்துப் போடும் முன் அறைவாரியான வெப்ப இழப்புக் கணக்கைத் தாளில் கேட்டு வாங்குங்கள். வீட்டைச் சுற்றிப் பார்க்காமல் போனிலேயே பம்பின் அளவைச் சொல்கிறவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள்.