காரணமின்றி ஊர் சுற்றல்: காரைக்கால் எல்லைக்குள் ஒரு கள ஆய்வு

எங்கே போகிறோம் என்று தனக்கே தெரியாமல் ஒருவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்ப முடியுமா? மற்ற ஊர்களில் இது கேள்வியே இல்லை. காரைக்காலில் முடியாது என்பதே இவ்வாய்வின் கருதுகோள்.

ஆய்வுப் பரப்பு சுமார் 160 சதுர கிலோமீட்டர். 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், 1954 நவம்பர் 1 அன்று இந்தியா வசம் வந்து, இன்றும் புதுச்சேரியோடு ஒட்டாமலே ஒட்டிக்கொண்டிருக்கும் நிலம். கிழக்கே கடல், மற்ற பக்கமெல்லாம் தமிழ்நாடு. வடக்கே நண்டலாறு, தெற்கே வாஞ்சூர். காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, கோட்டுச்சேரிமேடு என்று மீனவக் கிராமங்கள் பெயரில் மேடு வைத்திருக்கின்றன. ஆனால் மூச்சு வாங்க வைப்பவை ஆற்றுப் பாலங்கள் மட்டுமே.

கருவித் தேர்வு பற்றி ஒரு வார்த்தை. மோட்டார் வண்டியில் எல்லைப் பக்கம் தென்பட்டால், மலிவு விலைப் பெட்ரோலுக்கு வந்தவர் என்று ஊர் ஒரே நொடியில் முடிவு கட்டிவிடும். சைக்கிளுக்கு அந்தச் சந்தேகம் பொருந்தாது. ஆகவே இவ்வாய்வுக்குச் சைக்கிளே உகந்தது.

முதல் தடை தெருமுனையிலேயே எழுகிறது: “எங்கப்பா கிளம்பிட்டே?” இதை வெறும் விசாரிப்பாகக் கருதுவோர் வரலாறு அறியாதவர். பெரியபுராணத்தின்படி, இவ்வூரில் வாழ்ந்த வணிகன் பரமதத்தன் கடல் வாணிகத்துக்கென்று கப்பலேறிப் போனான். திரும்பும்போது பாண்டி நாட்டில் இறங்கி வேறொரு பெண்ணை மணந்து அங்கேயே தங்கிவிட்டான். வீட்டிலிருந்த மனைவி புனிதவதிக்கு நீண்ட காலம் சேதியே இல்லை. வண்டியை எடுக்கும் ஆண்பிள்ளையை இந்த ஊர் இரண்டு முறை கேட்பதில் என்ன தவறு? அந்தப் புனிதவதியே பின்னர் காரைக்கால் அம்மையாராகிக் கயிலை மண்ணில் கால் படக் கூடாதென்று தலையால் நடந்தார். தரையில் கால் ஊன்றாப் பயணத்துக்கு அவரே முன்னோடி. சைக்கிள் வெகு பின்னால் வந்தது.

மேற்கே திரும்பினால் ஐந்து கிலோமீட்டரில் திருநள்ளாறு. சனிக்கிழமையென்றால் கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விடலாம். செவ்வாய்க்கிழமை தனியாக, அதுவும் ஆடி மாத மேல்காற்றை எதிர்த்து ஒருவர் மிதித்துக்கொண்டு போனால்? டீக்கடைப் பெரியவர் கண்ணாடி டம்ளரை நீட்டிக்கொண்டே அனுதாபமாகக் கேட்பார்: “ஏழரையா தம்பி?” சும்மா வந்தேன் என்றால் நம்பமாட்டார். அஷ்டமத்துச் சனியை வெளியே சொல்லக் கூச்சப்படுகிறான் பாவம் என்று, டீயில் சர்க்கரையைத் தாராளமாகப் போடுவார்.

தெற்கே திருமலைராயன்பட்டினம் வழியாகப் போகும் ஆய்வாளர் முதுகில் பை மாட்டக் கூடாது. புதுச்சேரி ஆட்சி முடியும் இடத்தை அறிய வரைபடம் வேண்டாம். மதுக்கடைகள் நெருங்கி வந்து சட்டென்று நின்றுபோகும் இடமே எல்லை. அதைத் தாண்டி நாகூர்ப் பக்கம் போகும் பைக்குள் தண்ணீர் பாட்டில்தான் இருக்கிறது என்பதை யாருக்கு எப்படி நிரூபிப்பது? மூடியைத் திறந்து முகரக் கொடுப்பதே இதுவரை கண்ட சிறந்த முறை.

கடற்கரை விதிவிலக்காகாதா என்று கேட்கலாம். அரசலாற்றங்கரையோடு முகத்துவாரம் வரை ஒருவர் பேசாமல் போனால் யாரும் எதுவும் கேட்பதில்லை, உண்மைதான். ஆனால் “காத்து வாங்கப் போறான்” என்று அதற்கும் ஒரு காரணம் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.

வடக்கே பூவம் மட்டும் பாக்கி. அந்தக் களப்பணிக்கு யாரிடமும் சொல்லாமல் விடியுமுன் கிளம்புவதென்று திட்டம். சைக்கிள் ஸ்டாண்டை எடுக்கும் சத்தம் எப்படியோ அம்மாவின் காதுக்குப் போய்விட்டது. “சும்மாதானே போறே? வர்றப்ப துறைமுகத்துல கெழங்கா மீன் இருந்தா ஒரு கிலோ வாங்கிட்டு வந்துடு” என்று துணிப்பையை நீட்டினார். கருதுகோளுக்கு வேறு சான்று தேவைப்படவில்லை. மீனும் நன்றாகவே இருந்தது.