முதல்ல ஏறுங்க சார்

சென்னையில் வாடகை பேசாமல் ஆட்டோவில் ஏறக் கூடாது என்பது எங்கள் குடும்பச் சட்டம். "முதல்ல ஏறுங்க சார், பாத்துப் போட்டுக் குடுங்க" என்று யாராவது சொன்னால் அம்மா இரண்டடி பின்வாங்கிவிடுவார். அப்படி வளர்ந்தவன் நான். நியூ ஜெர்சியில் உட்கார்ந்துகொண்டு, வருடச் செலவு 90,000 டாலரைத் தொடும் ஒரு கல்லூரிக்கு, நம் கைக்காசு எவ்வளவு போகும் என்று தெரியும் முன்பே, "இடம் கொடுத்தால் என் மகள் கட்டாயம் சேருவாள்" என்று கையெழுத்துப் போட்டேன். இதற்கு எர்லி டிசிஷன் என்று பெயர்.

அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் நவம்பர் முதல் தேதி வாக்கில் இந்தத் தனிவழி உண்டு. ஒரே ஒரு கல்லூரிக்குத்தான் இப்படி விண்ணப்பிக்கலாம். பதில் டிசம்பர் நடுவில். இடம் கிடைத்தால் மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெற வேண்டும். மாணவி, பெற்றோர், பள்ளி ஆலோசகர் என மூன்று கையெழுத்து. தப்பிக்க ஒரே ஒரு சந்து: உதவித்தொகை கேட்டிருந்து, அவர்கள் தருவது போதாமல் சேரவே முடியாது என்றால் விலகிக்கொள்ளலாம்.

கேட்டோம். அதற்குப் படிவங்கள் உண்டு. ஃபாஃப்சா என்பது அரசாங்கப் படிவம், இலவசம். குடியிருக்கும் வீட்டின் மதிப்பைக் கேட்காத நாகரிகமும் அதற்கு உண்டு. தனியார் கல்லூரிகள் பலவும் கூடவே சிஎஸ்எஸ் புரொஃபைல் என்று இன்னொன்றையும் கேட்கின்றன. கையில் காசில்லை என்று சொல்லிக்கொள்ள முதல் கல்லூரிக்கு 25 டாலர், அடுத்து ஒவ்வொன்றுக்கும் 16. (குறைந்த வருமானக்காரர்களுக்கு விலக்கு உண்டு.) வீட்டை எந்த வருடம் வாங்கினாய், என்ன விலை, இன்று விற்றால் எவ்வளவு போகும், கடன் பாக்கி என்ன, எந்தெந்தக் கணக்கில் எவ்வளவு கிடக்கிறது? எனக்கு இன்னொரு வங்கியிலும் கணக்கு இருக்கும் விஷயம் என் மனைவிக்கு அன்றிரவுதான் தெரியவந்தது. அதன் பிறகு கேள்விகளைப் படிவம் மட்டும் கேட்கவில்லை.

ஃபாஃப்சாவுக்கு வருமானம் மட்டும் இரண்டு வருடம் பழசாக வேண்டுமாம். அந்த வருடம்தான் கம்பெனி ஏதோ ஞாபகத்தில் நல்ல போனஸ் கொடுத்திருந்தது. மறுவருடமே சுதாரித்துக்கொண்டது. அது படிவத்துக்கு எங்கே தெரியப்போகிறது?

"அப்பா, வேற லேண்ட் எதாவது இருக்கான்னு கேக்குது" என்றாள் மகள்.

இருக்கிறது. ஒரத்தநாட்டுப் பக்கம் எட்டு மா நஞ்சை. பட்டா இன்னும் தாத்தா பெயரில். அப்பா, சித்தப்பா, இரண்டு அத்தைகள் என்று நாலு பங்கு. அப்பா போய்விட்டதால் அவர் பங்கில் அம்மா, நான், தங்கை. சாகுபடி சித்தப்பா. அவரைத்தான் கூப்பிட்டேன்.

"சித்தப்பா, நம்ம நிலத்துல என் பங்கு என்ன பெறும்?"

மறுமுனையில் ஃபேன் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஏம்ப்பா, பாகம் பிரிச்சுக்கலாம்னு இருக்கியா?"

"ஐயோ, இல்ல சித்தப்பா. பாப்பா காலேஜ் ஃபாரத்துல கேக்குறான்."

"ஒரத்தநாட்டு நெலத்த வச்சு அவன் என்ன பண்ணப்போறான்?"

நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை. கொஞ்சம் இறங்கிவந்து, "கைடுலைன் மதிப்பா, மார்க்கெட் மதிப்பா?" என்று கேட்டார். நம்மூர் நிலத்துக்குப் பத்திரத்தில் ஒரு விலை, டீக்கடையில் ஒரு விலை. படிவத்தில் இருந்ததோ ஒரே ஒரு கட்டம். நான் யோசித்து முடிப்பதற்குள் பெரிய அத்தை லைனில் வந்துவிட்டார். அண்ணன் இருந்தவரைக்கும் இந்தப் பேச்சே எழுந்ததில்லை என்று அழுதார். சின்ன அத்தை அழவில்லை. தன் பங்கு எவ்வளவு பெறும் என்று கணக்குக் கேட்டார்.

உத்தேசச் செலவைச் சொல்லும் கால்குலேட்டர் ஒன்றை 2011 முதல் மத்திய அரசின் மாணவர் நிதியுதவித் திட்டத்தில் இருக்கும் கல்லூரிகள் தங்கள் தளத்தில் வைத்தாக வேண்டும் என்பது சட்டம். அதையும் தட்டிப் பார்த்தேன். தொகை ஒன்றைச் சொல்லிவிட்டு, இது வெறும் மதிப்பீடுதான் என்று அடியில் பொடி எழுத்தில் கைகழுவிவிட்டது.

விலை கேட்கத் தேவையில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த எர்லி டிசிஷன் ஏற்பாடு மிகவும் சௌகரியம். மற்றவர்கள் மார்ச் வரை பொறுத்திருந்தால் நாலு கடிதத்தை மேஜையில் பரப்பிவைத்து, "அவங்க இவ்வளவு தர்றாங்களே" என்று பேசிப் பார்க்கலாம். இதில் நம் கையில் இருப்பது ஒற்றைக் கடிதம். வசதியுள்ளவர்களுக்கே இது சாதகம் என்று ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் 2006இல் முன்கூட்டிய சேர்க்கையையே கைவிட்டன. 2011இல் திரும்பக் கொண்டுவந்தபோது கட்டாயம் சேர வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. இதையெல்லாம் மகளிடம் விளக்கமாகச் சொன்னேன். "இந்த வழியில போனா சான்ஸ் ஜாஸ்தி, அப்பா" என்றாள். அதுவும் உண்மைதான்.

டிசம்பரில் இடம் கிடைத்துவிட்டது. மகள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. மனைவி விளக்கேற்றப் போனாள். நான் உதவித்தொகைப் பக்கத்தைத் திறந்தேன். கல்லூரி மானியம் கொஞ்சம், வளாகத்தில் பகுதிநேர வேலை, மகள் பெயரில் 5,500 டாலர் மத்திய அரசுக் கடன் (முதல் வருட உச்சவரம்பே அவ்வளவுதான்), மீதி எங்கள் தலையில். கல்லூரியின் உதவித்தொகை அலுவலகத்துக்குப் போன் செய்தேன். மறுபரிசீலனை செய்வதில் மகிழ்ச்சி என்றார் அந்த அம்மா, தேன் ஒழுகும் குரலில். இந்தியச் சொத்தின் மதிப்புக்கு மட்டும் ஏதாவது ஒரு ஆவணம், ஆங்கிலத்தில், அனுப்ப முடியுமா?

சித்தப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் விவரம் அனுப்பினேன். இரண்டு வாரம் சத்தமே இல்லை. பிறகு ஒரு சான்றிதழின் படம் வந்தது, அதன் மேல் அவருடைய கட்டைவிரலும் சேர்ந்து. கீழே ஒரு குரல் செய்தி:

"வாங்கிட்டேன்ப்பா. அலைச்சல், வண்டி, நோட்டரி, இங்கிலீஷ்ல அடிச்சது எல்லாம் சேத்து ஆறாயிரம் ஆச்சு. இதுல பங்கு எல்லாம் பிரிக்க வேணாம். முழுசும் உன்னுது."