சத்தத்துக்கு மனு வேண்டாம், சைலன்சருக்கு வேண்டும்

ஆஸ்டின், டெக்சாஸ்
பிப்ரவரி 2026

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

திருவிழாவுக்கு மைக் செட் பெர்மிஷன் கேட்டு ஸ்டேஷனுக்கு நடையாய் நடந்ததையும், ராத்திரி 10 மணிக்கு மேல் ஸ்பீக்கர் பாடக்கூடாது என்று இன்ஸ்பெக்டர் கறாராகச் சொன்னதையும் எழுதியிருந்தீர்கள். நீங்கள் டெக்சாஸில் பிறந்திருக்க வேண்டியவர். இங்கே துப்பாக்கி விஷயத்தில் எல்லாம் தலைகீழ். சத்தம் போட ஒரு தடையும் இல்லை. சத்தத்தைக் குறைக்கத்தான் மத்திய அரசுக்கு மனுப் போட வேண்டும்.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு ரிட்டயர்டு ஆசாமி. லானோ பக்கம் அவருக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. காட்டுப்பன்றித் தொல்லை உங்கள் கடலைக்காட்டில் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள், இங்கேயும் அதே அட்டூழியம்தான். அவர் போய் ஒரு ரைபிள் வாங்கினார். டிரைவிங் லைசென்ஸைக் காட்டினார், ஒரு படிவம் நிரப்பினார், பின்னணி சோதனை முடிந்தது, அன்றைக்கே வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டார். உங்கள் ஒற்றைக்குழல் துப்பாக்கி தேர்தலுக்குத் தேர்தல் ஸ்டேஷனில் போய்ப் படுத்துவிட்டு வருவதை அவரிடம் சொன்னேன். வாயைப் பிளந்தார்.

தன் ரைபிளின் மூக்கில் மாட்ட அவர் ஒரு சைலன்சர் வாங்கியபோது நான் வாயைப் பிளந்தேன். பத்து விரல் ரேகை, பாஸ்போர்ட் சைஸ் படம், மத்திய அரசுக்கு மனு, உள்ளூர் போலீஸ் தலைமைக்கு ஒரு நகல், அப்புறம் ஒப்புதல் வரும்வரை காத்திருப்பு. தானாக ஒரு தோட்டாகூடச் சுடத் தெரியாத அந்தக் குழாயும் இங்கே சட்டப்படி துப்பாக்கிதான்! 1934-ல் போட்ட சட்டம். ரௌடிக் கும்பல்கள் மெஷின் கன்னோடு அலைந்த காலம். அந்தக் கோபத்தில் இதையும் பட்டியலில் சேர்த்து 200 டாலர் வரி போட்டார்கள். அன்றைக்குக் குழாயின் விலையே சில டாலர்தான். 90 வருஷத்துக்கு மேல் அந்த 200 ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. இந்த ஜனவரி 1 முதல் வரியைப் பூஜ்யமாக்கிவிட்டார்கள். ஆனால் கைரேகையும் படமும் மனுவும் அப்படியே இருக்கின்றன. கலிஃபோர்னியா, நியூயார்க் உட்பட 8 மாநிலங்களில் என்ன மனுப் போட்டாலும் சாதாரண ஜனங்களுக்குக் கிடையாது.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. மனுப் போட்டவர் ஒருவர் என்றால், அவர் இல்லாத நேரத்தில் பெண்டாட்டிகூட அதை எடுத்துப் புழங்கக்கூடாது. அதற்காகப் பலர் டிரஸ்ட் ஆரம்பிக்கிறார்கள். நம்மூரில் கல்யாண மண்டபத்துக்கும் காலேஜுக்கும் டிரஸ்ட் வைப்பார்கள். இவர் ஒரு சாண் குழாய்க்கு வைத்திருக்கிறார். அவர், மனைவி, மகன் மூவரும் டிரஸ்டிகள். மூவரும் ரேகை வைத்தார்கள். நான் டிரஸ்டி இல்லை என்பதால் அவர் கண்ணெதிரே மட்டும் தொட்டுப் பார்க்கலாம். நடுவில் காப்பி கலக்க எழுந்தவர், குழாயையும் கையோடு அடுக்களைக்கு எடுத்துப் போனார்.

மேஜையில் துண்டை விரித்து அதை வைத்தார். கறுப்புப் பூச்சு, டைட்டானியம், அரைக் கிலோகூட இல்லை. பக்கவாட்டில் சீரியல் நம்பர் பொறித்திருக்கிறது, அதுதான் அதன் ஆதார். டார்ச் அடித்து உள்ளே காட்டினார். நடுவில் தோட்டா போக ஒரே நேர்த் துளை; சுற்றிலும் கூம்பு கூம்பாகத் தடுப்புகள், வெல்டு கோடு பிசிறில்லாமல் ஓடுகிறது. தோட்டாவுக்குப் பின்னால் சீறி வரும் வாயு அறை அறையாக விரிந்து, சுழன்று, வேகமும் சூடும் தணிந்து வெளியே போகிறது. உங்கள் புல்லட் வண்டியின் சைலன்சர் செய்கிற வேலையேதான். 1909-ல் இதற்குக் காப்புரிமை வாங்கிய ஹிராம் பெர்சி மேக்சிம், மோட்டார் வண்டிச் சத்தத்தை அடக்கவும் இதே வழியில்தான் போனார். அவருடைய அப்பா யார் தெரியுமா? மெஷின் கன்னைக் கண்டுபிடித்த மேக்சிம்! சுட்டுச் சுட்டே காது மந்தமான மனுஷர். குடும்பத்தில் ஒருவர் சத்தத்தில் சம்பாதித்தார், அடுத்தவர் அதை அடக்கிச் சம்பாதித்தார்.

பக்கத்து வீட்டுக்காரர் பெருமைப்பட்டது குழாயைவிட அதன் அடிப்பாகத்தைப் பார்த்துத்தான். அங்கே அகலமான மரை வெட்டியிருக்கிறது: விட்டம் 1.375 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. பல கம்பெனிகள் இப்போது இந்த அளவுக்கே வந்துவிட்டதால், ஒருவர் செய்த குழாயில், அதை ரைபிளோடு இணைக்க இன்னொருவர் செய்த மவுன்ட்டை மாட்டலாம். ரைபிள் முனையில்தான் ஆளுக்கொரு அளவு. சின்ன ரகத்துக்குப் பெரும்பாலும் அரை அங்குலம், பெரிய ரகத்துக்கு ஐந்தெட்டு அங்குலம். ஒவ்வொன்றுக்கும் தனிக் குழாய் வாங்கினால் ஒவ்வொன்றுக்கும் மூன்று பேர் ரேகை வைத்துக்கொண்டிருக்க வேண்டும். மவுன்ட்டுக்கோ ஒரு காகிதமும் வேண்டாம், கடையில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். அதனால் குழாய் ஒன்று, மனு ஒன்று, மவுன்ட் எத்தனை வேண்டுமானாலும். பாதி வேலையை இன்ஜினீயர் செய்ய, மீதியைக் குமாஸ்தா செய்து முடித்திருக்கிறார்.

ஸ்பேனர் போட்டுப் பழைய மவுன்ட்டைக் கழற்றி, கூம்பு வைத்த புதியதை முடுக்கினார். மரை மட்டும் இருந்தால் கரி ஏறி இறுகிக்கொள்ளுமாம். கூம்பு படிந்து உட்கார்ந்தால் வாயு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது. அப்புறம் ரைபிளின் போல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு, குழாயை மாட்டி, பேரல் வழியாக ஒரு நேரான எஃகுக் கம்பியை விட்டார். கம்பி முன்துளையின் நட்ட நடுவில் நிற்கிறதா என்று இரண்டு பேரும் கண்ணை இடுக்கிப் பார்த்தோம். கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் தோட்டா தடுப்பில் இடித்துக் குழாயைக் கிழித்துவிடும். பெண் பார்க்கப் போன வீட்டில்கூட இவ்வளவு கூர்ந்து யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

நிலத்துக்குப் போய்ச் சுட்டுப் பார்த்தோம். சினிமாவில் வில்லனின் அடியாள் சுடும்போது ‘புஸ்’ என்று ஒரு சத்தம் வருமே, அதை எதிர்பார்த்து நின்றேன். ‘டப்’பென்று ஒரு அறை! வெறும் ரைபிள் 160 டெசிபலைத் தாண்டும். இது அதில் 25, 30 குறைக்கும், அவ்வளவுதான். காது ஒரேயடியாகக் கெடாமல் தப்பிக்கும். தோட்டா நொடிக்கு 800 மீட்டர் போகிறது, ஒலி 340-தான் போகிறது. அந்த முந்தலில் பிறக்கும் வெடிச்சத்தம் குழாயை விட்டு வெளியே வந்த பிறகு காற்றில் பிறப்பது, அதை எந்தக் குழாயும் அடக்க முடியாது. இத்தனை ரேகையும் வைத்துவிட்டு அவர் காதில் மூடியை மாட்டிக்கொண்டுதான் சுட்டார். நார்வே, நியூஸிலாந்துக்காரர்கள் இதைச் சாதாரணமாகக் கடையில் வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள் என்று சொல்லிப் பெருமூச்சு விட்டார்.

உங்கள் துப்பாக்கிக்கும் ஒன்று கொண்டுவரச் சொல்வீர்கள் என்று தெரியும், கேட்காதீர்கள். இந்த நாட்டை விட்டு வெளியே எடுத்துப்போகத் தனி உத்தரவு வேண்டும். நம் நாட்டு ஆயுத விதிகளிலோ இது தடை செய்யப்பட்ட சாமான். மைக் செட்டுக்கு அலைந்தது போலில்லை, திரும்பி வர மாட்டீர்கள். அதற்குப் பதிலாகக் காது மூடி இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். அதற்கு மனு இல்லை, ரேகை இல்லை, டிரஸ்ட் இல்லை. ஒன்று உங்களுக்கு. இன்னொன்று சித்திக்கு. எப்போது மாட்டிக்கொள்வது என்பதை அவர்கள் இஷ்டத்துக்கு விட்டுவிடுங்கள்.

வேறு என்ன வேண்டும் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்