வித்தியாசத்தில் ஒரு பணிவு

ஸ்ரீரங்கத்தில் பெருமாளைச் சேவிக்க ஏழு பிராகாரம் தாண்ட வேண்டும். அமைச்சரைப் பார்க்கவோ சென்னைக்கு ரயிலேற வேண்டும். 2015 பிப்ரவரியில் மட்டும் இரண்டாவது சிரமம் இல்லை. இடைத்தேர்தல் புண்ணியத்தில் அமைச்சர்களே தெருத்தெருவாக வந்து கும்பிட்டார்கள். ஜனநாயகம் இவ்வளவு கிட்டத்தில் வந்து நின்றதில் உத்திர வீதித் திண்ணைகளுக்கே கூச்சம். வருஷத்துக்கொரு முறை தொகுதி காலியாகும்படி ஒரு சட்டம் போட்டால் போதும், திருச்சிக்குத் தனியாக வளர்ச்சித் திட்டம் எதற்கு?

ஒரே ஒரு சங்கடம். 2011இல் ஜெயலலிதா இங்கே ஜெயித்தது 41,848 வாக்கு வித்தியாசத்தில். 2014இல் சொத்துக்குவிப்பு வழக்கின் பெங்களூரு தீர்ப்பால் அவர் பதவி போக, இந்த இடைத்தேர்தலில் அந்த இடத்தில் நின்ற அ.தி.மு.க.வின் எஸ். வளர்மதிக்கு வித்தியாசம் 96,516! தலைவி எதிரே முதுகை நிமிர்த்தவே யோசிக்கிற கட்சியில் இது என்ன துணிச்சல்? சால்வையோடு போய் வாழ்த்துவதா, துக்கம் விசாரிப்பதா? நல்லவேளை, வெற்றி முழுக்க அம்மாவுடையது, வேட்பாளர் ரசீதில் கையெழுத்துப் போட்டவர் மட்டுமே என்று கணக்கை நேர் செய்துவிடலாம்.

பணிவு கொஞ்சம் தாமதமாக வந்தது. 2016 பொதுத்தேர்தலில் அதே ஸ்ரீரங்கத்தில் வித்தியாசத்தைச் சுமார் 14,000க்கு அடக்கிக் காட்டினார் வளர்மதி. அந்த மே மாதமே அமைச்சர்! பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் நலத்துறை.

இன்னுமொரு பத்தாயிரம் குறைத்திருந்தால் நிதித்துறையே கிடைத்திருக்கும்.