மிஞ்சிய ஒயரும் கிளிப் பிரச்சினையும்: ஓர் ஆய்வு முன்னோட்டம்

கைவேலையில் மிஞ்சிய பொருள்களைக் கொண்டு, காசு செலவழிக்காமல் பரிசு செய்து உறவினர் தலையில் கட்டும் மரபு தமிழகத்தில் நெடுங்காலமாக நிலவி வருகிறது. எவ்வளவு நெடுங்காலம் என்று கேட்பவர்கள் ஆய்வு முறையியல் அறியாதவர்கள். ‘நெடுங்காலமாக’ என்று எழுதிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுவதுதான் முறையியல். இப்பொருளில் இதுவரை முறையான ஆய்வு எதுவும் நிகழவில்லை என்பதும், அந்த வெற்றிடத்தை இக்கட்டுரை நிரப்புகிறது என்பதும் எல்லா ஆய்வுக் கட்டுரைகளிலும் வருவதால் இங்கும் வருகின்றன.

ஆய்வெல்லை: வடக்கே ஷோகேஸ், தெற்கே பரண். பரிசாக வந்த பொருள் முன்னதில் குடியேறிப் பின்னதில் அடங்கும்.

முதன்மை ஆதாரங்கள்: பிஸ்கட் டப்பாக்கள் (உள்ளே பிஸ்கட் இருந்தவை நீக்கப்பட்டன). துணைமை ஆதாரங்கள்: அத்தைகள்.

கருதுகோள்: மிச்சம் தீராது. இதுவே இவ்வாய்வின் உயிர்நிலை. மிச்சத்தைத் தீர்க்க ஒருவர் பரிசு செய்ய உட்காருகிறார். பாதியில் நூல் போதவில்லை. அதே நிறத்தில் வாங்கக் கடைக்குப் போகிறார். கடையில் அதே நிறம் இல்லை. அதைப் போன்ற நிறம் இருக்கிறது. புது நூலுக்குப் பொருத்தமாகப் புது மணி, மணிக்குப் பொருத்தமாகப் புதுக் கொக்கி. பரிசு முடியும்போது முன்பு ஒரு டப்பாவில் இருந்த மிச்சம் இரண்டு டப்பாக்களில் இருக்கிறது. “கடையில வாங்கிக் குடுத்திருந்தா பாதிக் காசுல முடிஞ்சிருக்கும்” என்ற கருத்து இத்துறையில் ஏற்கெனவே பதிவாகியுள்ளது (பெரிய மாமா, செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து). அவருக்கு அன்று காபி வர நேரமானது என்பதால் இக்கருத்தை வழிமொழிய ஆளில்லை.

கோட்பாட்டுப் பின்புலம்: பிரெஞ்சு மானிடவியலாளர் கிளாட் லெவி-ஸ்த்ரோஸ் 1962-இல் வெளியிட்ட நூலில், கையில் அகப்பட்டதைக் கொண்டு காரியத்தை முடிக்கும் மனிதரையும், திட்டம் போட்டுப் பொருள் திரட்டும் பொறியாளரையும் எதிரெதிரே நிறுத்தினார். ஆய்வேட்டின் பொருள் கரகாட்டமோ, கந்துவட்டியோ, எதுவானாலும் ஏதாவது ஓர் இயலில் அவர் வந்துவிட்டுப் போவது வழக்கம். இங்கும் வந்தார். போகலாம்.

இனி வகைப்பாடு.

பத்திரிகை வகை: சிவகாசியில் அச்சான கல்யாணப் பத்திரிகைகளிலிருந்து பிள்ளையாரை மட்டும் கத்தரித்து எடுத்து, வாழ்த்து அட்டையாகவோ புத்தக அடையாளமாகவோ மாற்றுவது. இதில் பின்பக்கம் பார்க்கக் கூடாது. பார்த்தால், பிறந்தநாள் கொண்டாடும் குழந்தைக்கு வந்த வாழ்த்தில் “மதிய விருந்து மண்டபத்திலேயே” என்று இருக்கும்.

பிஸ்தா ஓட்டு வகை: எதைச் செய்தாலும் தாமரை.

குறுந்தகட்டு வகை: 120 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டம், நடுவே 15 மில்லிமீட்டர் ஓட்டை. 1982-இல் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர்கள் பிற்காலத்தில் இதன்மேல் ராதாகிருஷ்ணரைத் தீட்டப் போகிறார்கள் என்று எண்ணியிருந்தால் ஓட்டையை ஓரமாக வைத்திருப்பார்கள். இப்போது அது ராதையின் தோளிலோ கிருஷ்ணரின் வயிற்றிலோ விழுகிறது. அதை ஸ்டிக்கர் பொட்டால் மூடும் பள்ளி ஒன்று. மூடாமல் அங்கே கடிகார முள்ளை மாட்டிவிடும் பள்ளி ஒன்று. பின்னதே அறிவுடையது. ஆனால் அந்தக் கடிகாரம் ஓடுவதில்லை.

தெர்மோகோல் வகை: பாலிஸ்டைரீனை ஊதிப் பெருக்கிச் செய்த இந்தப் பொருளில் பெரும்பகுதி காற்றுதான். ரப்பர் பசையின் கரைப்பான் இதன்மேல் பட்டால் உருகிக் குழி விழும். 1959 முதல் கிடைக்கும் ஃபெவிகாலோ, வெள்ளையாக இறங்கி, காய்ந்ததும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். இந்த வேறுபாட்டை அறியாமல் தாஜ்மகால் செய்தவர்கள் நான்கு மினார்களில் மூன்றை இழந்திருக்கிறார்கள். எஞ்சிய கட்டடம் மசூதியா, மாவட்ட ஆட்சியர் அலுவலகமா என்பது பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு.

பட்டு நூல் வளையல் வகை: நிறம் போன பிளாஸ்டிக் வளையலுக்குப் பட்டு நூல் சுற்றிப் புதிதாக்குவது. அளவு மட்டும் பழையது. பெறுபவர் கைக்குள் நுழையாது; நுழைந்தால் வராது.

ஒயர் வகை: இதற்குத் தனி இயல் வேண்டும். அதற்கு முன் பரிசுச் சுழற்சி பற்றிச் சிறிது.

மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1922-இல் டிரோப்ரியண்ட் தீவுகளைப் பற்றி எழுதிய நூலில், சிவப்புச் சிப்பி மாலைகள் வலமாகவும் வெள்ளைச் சிப்பிக் கைவளைகள் இடமாகவும் தீவு தீவாகச் சுற்றிவரும் பரிமாற்றத்தை விவரித்தார். கொலுவுக்குப் போய்வரும் எவருக்கும் இதில் வியப்பில்லை. வெற்றிலை பாக்கோடு வைத்துத் தரும் ரவிக்கைத் துண்டும் அப்படித்தான் தெருத் தெருவாகச் சுற்றுகிறது. அதை யாரும் தைப்பதில்லை. தைத்துவிட்டால் சுழற்சி நின்று பொருளாதாரம் நிலைகுலையும். கையால் செய்த பரிசு இந்தச் சுழற்சியில் சேராது. செய்தவர் யாரென்று பார்த்தவுடன் தெரிந்துவிடும், தவிர, அவர் எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்கு வந்து “நான் குடுத்தது எங்க?” என்று கேட்பார். பரிசு, பெற்றவரைத் திருப்பித் தரக் கடமைப்படுத்துகிறது என்று மார்செல் மோஸ் 1925-இல் நிறுவினார். திருப்பித் தரவே முடியாத பரிசு பற்றி அவர் போதிய கவனம் செலுத்தவில்லை.

இனிக் கிளிப் பிரச்சினை.

ஒயர் கூடை பின்னி முடித்ததும், வாய்ப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் நுனிகளை உள்பக்கமாகச் சொருகி, எஞ்சியதைக் கத்தரித்துவிடுவார்கள். சாதா முடிச்சு, சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் என எந்த முடிச்சானாலும் துண்டுகள் மிஞ்சும். (2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்ததும், கூடை பின்னுவோர் அதைத் தங்கள் துறைக்குக் கிடைத்த அரசு அங்கீகாரமாகவே எடுத்துக்கொண்டனர். ஒயரும் பிளாஸ்டிக்தான் என்று நினைவூட்டியவர்களுக்கும் ஒரு கூடை தரப்பட்டது.) இத்துண்டுகளிலிருந்து, சாவிக்கொத்தில் மாட்டத்தக்க ஓர் உயிரினம் உருவாகிறது. அது என்ன உயிரினம் என்பதே பிரச்சினை.

கிளிக் கட்சியினர் கூறுவது: உடல் பச்சை, மூக்கு சிவப்பு, ஆகவே கிளி (சின்ன அத்தை, வாய்மொழி, புளி ஆய்ந்தபோது). வாத்துக் கட்சியினர் மறுப்பது: மூக்கு தட்டை. கிளிக்கு மூக்கு வளைந்திருக்கும். ஆகவே வாத்து (சின்ன அத்தையின் நாத்தனார், அதே புளி, அதே நாள்). கிளிக் கட்சியின் பதில்: ஒயரே தட்டையானது, அதில் யானை செய்தாலும் தட்டையாகத்தான் வரும். வாத்துக் கட்சியின் எதிர்ப்பதில்: அப்படியானால் பச்சையும் சான்றாகாது. மூலக்கூடை பச்சை, அதன் பார்டர் சிவப்பு. மிஞ்சியது பச்சையும் சிவப்பும். கூடை நீலமாக இருந்திருந்தால் இதே பறவையை மீன்கொத்தி என்றிருப்பீர்கள்.

இந்த எதிர்ப்பதிலில் ஒரு பெரிய உண்மை பொதிந்திருக்கிறது: மிச்சப் பொருள் கலையில் உருவத்தைத் தீர்மானிப்பது கலைஞர் அல்லர், முந்தைய கூடை. சண்டிகரில் நேக் சந்த் உடைந்த வளையல்களையும் ஓடுகளையும் கொண்டு ஒரு தோட்டமே அமைத்தார். 1976-இல் அது மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. அங்கேயும் எது கிடைத்ததோ அதுதான் உருவமானது. 1942-இல் பிக்காசோ சைக்கிள் சீட்டையும் ஹேண்டில்பாரையும் சேர்த்துக் காளைத்தலை செய்தபோது யாரும் அதை வாத்து என்று சொல்லவில்லை. அவருக்கு நாத்தனார் வாய்க்கவில்லை என்பது ஒரு விளக்கம்.

பிரதி ஒப்பீடு: உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கப் பல ஏடுகளை வைத்துப் பாடம் ஒப்பிட்டார். நாமும் மூன்று சாவிக்கொத்துகளை வைத்து ஒப்பிட்டோம். அண்ணன் வீட்டுப் பிரதியில் கண்ணுக்கு இரண்டு வெள்ளை மணிகள். தங்கை வீட்டுப் பிரதியில் ஒரே கண்; மற்றது சிதைவு. பக்கத்து வீட்டுப் பிரதியில் இறக்கை மஞ்சள். மஞ்சள் இறக்கையை இடைச்செருகல் என்று ஒதுக்கலாமா? ஒதுக்க முடியாது, அந்த நாளில் பச்சை தீர்ந்துபோனதற்குச் சான்று உள்ளது (சின்ன அத்தை, மேற்படி, இரண்டாம் திருத்திய கூற்று, நாத்தனார் ஊருக்குப் போனபின் விரிவாக்கப்பட்டது, ஒப்பிடுக: எதிர்வீட்டுப் பெரியம்மா, மதில்மேல் உரை, ‘இதை யார்கிட்டயும் சொல்லாதே’ என்ற முன்னுரையுடன்).

இத்தனைக்கும், படைத்தவரையே கேட்டுவிடலாமே என்று ஆய்வறியாத ஒரு சிறுவன் கேட்டான். கேட்டும் பார்த்தான்: “அத்தை, இது கிளியா வாத்தா?” அதற்கு அவர், “எதுவா இருந்தா என்னடா, சாவி தொங்குதுல்ல?” என்றார். இச்சாட்சியம் ஏற்கப்படவில்லை. பிரெஞ்சுத் திறனாய்வாளர் ரொலாண் பார்த் 1967-இலேயே ஆசிரியரின் மரணத்தை அறிவித்துவிட்டார். அறிவித்த பிறகு படைத்தவர் அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருப்பது கோட்பாட்டைப் பாதிக்காது. தோசையைச் சாப்பிட்டுக்கொண்டே இம்முடிவு எடுக்கப்பட்டது.

மூன்றாவதாகப் பிள்ளையார்க் கட்சி. சாவி வளையத்தை மாட்டப் பறவையின் பின்புறத்தில் விட்டிருந்த வால், நாளடைவில் தளர்ந்து முன்பக்கம் வளைந்தது. கண் மங்கிய பாட்டி ஒருவர் அதைத் தும்பிக்கை என்று கொண்டு, குங்குமம் வைத்துச் சாமி மாடத்தில் அமர்த்திவிட்டார் (பாட்டி, செயல்வழி உரை, விளக்கேற்றும் வேளை, இதன்மீது எழுந்த மறுப்புகளுக்குக் காண்க: மருமகள், அடிக்குரல் விளக்கவுரை, பாத்திரம் தேய்க்கும் சத்தத்தோடு சேர்த்துப் படிக்க, அவ்விளக்கவுரைக்கு மகன் எழுதிய அடிக்குறிப்பு, “ஏதோ சொன்னியா?” என்பது வரை மட்டும் கிடைத்துள்ளது). பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானதைப் பழமொழி அறியும். வாத்தா கிளியா என்று சண்டை போட்டுப் பிள்ளையாரில் போய் முடிந்ததற்கு இதுவே முதல் சான்று. பொட்டு வைத்த பிறகு அதைப் பரணுக்கு அனுப்ப யாருக்கும் துணிவில்லை. தமிழக வீடுகளில் மிச்சப் பரிசு நிரந்தர இடம் பெற இதைத் தவிர வேறு வழி இருப்பதாகத் தெரியவில்லை.

இப்போது ஒரு கடமை பாக்கி. இத்தகைய பரிசுகளைக் கல்வியுலகம் ஏளனம் செய்வது முறையன்று. கல்வியுலகில் இதே தொழில் வேறு பெயரில் நடக்கிறது. முனைவர் பட்ட ஆய்வேட்டில் நெறியாளர் வெட்டிய பக்கங்கள் கருத்தரங்கக் கட்டுரையாகின்றன. கருத்தரங்கில் நேரம் போதாமல் விட்டவை இதழ்க் கட்டுரையாகின்றன. அதிலும் மிஞ்சிய நுனிகளைச் சொருகி, ஓய்வுபெறும் பேராசிரியரின் மணிவிழா மலருக்குத் தருகிறார்கள். அதில் செலவில்லை, கைவேலை இருக்கிறது. பெற்றவர் மறுக்க முடியாது; படிக்கவும் மாட்டார். மூலக்கூடையின் நிறம் மட்டும் எல்லாவற்றிலும் தெரியும். சங்க இலக்கியத்தில் நீர் மேலாண்மை என்று ஆய்வேடு எழுதியவர் சங்க இலக்கியத்தில் நிதி மேலாண்மை, பேரிடர் மேலாண்மை, நேர மேலாண்மை என்று வாழ்நாள் முழுதும் தருவார். மலரின் முதல் பக்கத்தில் பேராசிரியரின் படம் இருக்கும். அது கிளியா வாத்தா என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

இவ்வாய்வு மேலும் விரிக்கத்தக்கது. ஐஸ் குச்சி, தீக்குச்சி, உல்லன் நூல் ஆகிய மூன்றும் தொடப்படவே இல்லை. உல்லன் நூல் தோரணம் செய்பவர்களோடு பேசியதில், அவர்கள் பேச்சை நிறுத்துவதில்லை என்பது தெரியவந்ததால் அப்பகுதி கைவிடப்பட்டது.

வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். முழ நீளத்துக்குக் குறைந்த ஒயர்த் துண்டு கையில் இருந்தால் அதைத் தயவுசெய்து குப்பையில் போடுங்கள். எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் “இதே பச்சை இருக்கா?” என்று கேட்காதீர்கள். இருக்கும். ஆனால் கடைக்காரர் ஒரு ரோலுக்குக் குறைந்து தரமாட்டார்.