இடைச்செருகல் எது?

சிரிப்புப் பத்திரிகைகளில் விளம்பரம் என்பது இடைச்செருகல். இதுவே அறிஞர் உலகம் இதுகாறும் கொண்டுள்ள கருத்து. துணுக்கு மூலபாடமாம், தைலமும் பல்பொடியும் பிற்காலத்தார் காசுக்காக நுழைத்தவையாம். இக்கருத்து அடியோடு பிழை என்று நிறுவ இக்கட்டுரை முயல்கிறது. விளம்பரமே மூலம். நகைச்சுவை அதன் ஓரத்தில் யாரோ எழுதிவைத்த உரை.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட சுவடி எங்கள் வீட்டுப் பரணில் கிடைத்தது. வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையைப் பாட்டி வாராவாரம் கிழித்துச் சேர்த்து, கதை முடிந்ததும் கோணி ஊசியால் தைத்து, பழைய காலண்டர் அட்டை போட்டுப் பைண்டு செய்த தொகுப்பு அது (இனி ‘பரண் பிரதி’). பாட்டிக்கு வேண்டியிருந்தது கதை மட்டும்தான். துணுக்குகளும் விளம்பரங்களும் கதைத்தாளின் முதுகில் தொற்றிக்கொண்டு வந்தவை. நான்கு தாள்களில் எலி தன் பங்குக்குப் பாடபேதம் செய்திருக்கிறது.

பரண் பிரதியின் நடுவில் ஒரு தாள் நம் கவனத்துக்குரியது. அதில் டாக்டர் ஒருவர், “ராத்திரி நல்லாத் தூங்கினீங்களா?” என்கிறார். நோயாளி, “தூங்கினேன் டாக்டர், ஆனா...” என்று தொடங்குகிறார். அதற்கு மேல் பாட்டியின் தையலுக்குள் போய்விட்டது. பிரித்துப் பார்த்தாயிற்று, பசைதான் வந்தது. அதே தாளில், அரை அங்குலம் தள்ளி, கூந்தல் தைல விளம்பரம் ஓர் எழுத்துக் குறையாமல் நிற்கிறது. இடுப்புவரை கூந்தல் தொங்கும் பெண், பாட்டிலின் விலை, ‘தபால் செலவு தனி’, ‘வி.பி.பி.யிலும் அனுப்பப்படும்’, முழு முகவரி. எதைப் போற்றிக் காப்பது, எதைத் தையலுக்குக் கொடுப்பது என்று காலம் தீர்ப்பளித்துவிட்டது. ஊசி பிடித்தது மட்டுமே பாட்டி.

இனி வரலாற்றுச் சான்று. 1926இல் பூதூர் வைத்தியநாதய்யர் ‘ஆனந்த விகடன்’ என்ற மாத இதழைத் தொடங்கினார். பெயரிலேயே விகடம். அதில் விளம்பரம் கொடுத்துவந்தவர்களில் எஸ்.எஸ்.வாசன் ஒருவர், விளம்பரத் தொழிலும் தபால் வழி வியாபாரமும் நடத்திவந்தவர். இதழ் வராமல் போகவே ஏன் என்று விசாரிக்கப் போனவர், 1928இல் பத்திரிகையையே வாங்கிவிட்டார். விலை, இதழ்ப் பெயரின் எழுத்து ஒன்றுக்கு 25 ரூபாய் என்ற கணக்கில் 200 ரூபாய் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. விளம்பரத்துக்கு இடம் இல்லாமல் போய்விடக் கூடாதென்று பத்திரிகை காப்பாற்றப்பட்டது என இதற்குப் பொருள் கொள்வதில் தடையில்லை.

இவ்விடத்தில் ஓர் இலக்கணச் சிக்கல். எட்டெழுத்துகளில் ‘ந்’, ‘ன்’ இரண்டும் ஒற்று. யாப்பில் ஒற்று அலகு பெறாது. எனவே புலவர் ஒருவர் உடனிருந்திருந்தால் விலை 150 ரூபாயில் முடிந்திருக்கும். வைத்தியநாதய்யருக்கு 50 ரூபாய் கூடுதலாகக் கிடைத்ததற்குத் தமிழின் இரண்டு புள்ளிகள் காரணம். இதை இதுவரை எவரும் சுட்டிக்காட்டாதது வியப்புக்குரியது.

பிறநாட்டுச் சான்றும் உண்டு. லண்டனில் 1841 முதல் வந்த ‘பஞ்ச்’ இதழில் 1884இல் ஹாரி ஃபர்னிஸ் ஒரு கேலிச்சித்திரம் போட்டார். அப்போது நடிகை லில்லி லாங்ட்ரி, பியர்ஸ் சோப்பை உபயோகித்த பிறகு மற்ற சோப்புகளை ஒதுக்கிவிட்டதாக விளம்பரத்தில் நற்சான்று கொடுத்திருந்தார். ஃபர்னிஸ் வரைந்ததோ, உடம்பெல்லாம் அழுக்கேறிய நாடோடி ஒருவன். அவனும் உட்கார்ந்து கடிதம் எழுதுகிறான்: உங்கள் சோப்பை இரண்டு வருஷத்துக்கு முன் போட்டேன், அதன் பிறகு வேறு எந்தச் சோப்பையும் தொடவில்லை என்று. சோப்புக் கம்பெனி வழக்குப் போடவில்லை. அந்தச் சித்திரத்தையே உரிமை பெற்று வாங்கித் தன் விளம்பரமாக ஊரெங்கும் பரப்பியது. உரை மீண்டும் மூலத்தில் கலந்த அரிய நிகழ்ச்சி இது. நாடோடிக்கு ஒரு கட்டியாவது இலவசமாகக் கொடுத்திருக்கலாம்.

மறுப்பாளர் இங்கே குறுக்கிட்டு அமெரிக்காவின் ‘மேட்’ இதழைக் காட்டுவார். 1952இல் தொடங்கிய அந்தப் பத்திரிகை 1957 முதல் 2001 வரை விளம்பரமே வாங்கவில்லை. ஒரு குளிர்பானத்தின் காசை வாங்கிக்கொண்டு இன்னொரு குளிர்பானத்தைக் கிண்டல் செய்ய முடியாது என்பது வெளியீட்டாளர் வில்லியம் கெய்ன்ஸின் நியாயம். சரிதான். ஆனால் விளம்பரம் வாங்காத அப்பத்திரிகை பக்கம் பக்கமாக அச்சிட்டது எதை? போலி விளம்பரங்களை. மூலத்தை விலக்கிவிட்டு உரையை மட்டும் பதிப்பித்தார்கள், அவ்வளவே. போதாததற்கு அதன் அட்டையில் பல்லிடுக்கோடு இளிக்கும் பையன், ஆல்ஃப்ரெட் இ. நியூமன், எங்கிருந்து வந்தான்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே அந்த முகம், பல் மருத்துவர்களின் விளம்பரங்கள் உட்படப் பல விளம்பரங்களில் இளித்துக்கொண்டிருந்தது. மறுப்பாளர் அமரலாம்.

கோட்பாட்டுக்கு வருவோம். நகை பிறக்கும் இடம் நான்கு என்று தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வகுத்தார். நான்கையும் விளம்பரக்காரர்கள் குத்தகைக்கு எடுத்திருப்பதை உரையாசிரியர்கள் கவனிக்கவில்லை. இளமை, தைலக்காரருக்குப் போயிற்று. அடுத்த வீட்டார் வேட்டியைப் பார்த்து எள்ளுவாரே என்ற அச்சத்தில் சலவைச் சோப்பு விற்றது. பேதைமை இல்லாமல் மணியார்டர் பாரம் நிரப்புவார் இல்லை. மடன் சற்று நுட்பமானது. பிறர் சொல்லிக் கொடுத்ததைப் பிடித்துக்கொண்டு விடாமலிருப்பது என்று அதற்குப் பழைய விளக்கம். ஒரு பாட்டில் தீர்ந்து பயன் ஒன்றும் தெரியாத நிலையில் இரண்டாவது பாட்டிலுக்குக் கார்டு எழுதிப்போடுகிறவரை மனத்தில் வைத்துத்தான் இவ்விளக்கம் எழுதப்பட்டதோ என்று ஐயுறுகிறோம்.

கள ஆய்வும் மேற்கொள்ளப்பட்டது. பரண் பிரதியைத் தொகுத்தவர் நல்ல வேளையாக இன்னும் நம்மிடையே இருக்கிறார். அந்தத் தாளைக் கண்ணுக்கு அருகே பிடித்துக்காட்டி, நோயாளி டாக்டரிடம் என்ன பதில் சொன்னான் பாட்டி என்று கேட்டேன்.

“ஜோக்கா? அதெல்லாம் யாருக்குடா ஞாபகம்?” என்றாள். பிறகு விரல் பக்கத்துக் கட்டத்துக்கு நகர்ந்தது. “அட, இந்தத் தைலம்! உங்க தாத்தா மூணு பாட்டில் வரவழைச்சார்டா. வி.பி.பி.யில. போஸ்ட்மேன் வர்றப்ப வாசல்ல காசோட நிப்பார். தலையில ஒரு முடி முளைக்கலை. தலகாணி உறைதான் எண்ணெயா குடிச்சுது. அந்த போஸ்ட்மேனுக்கும் வழுக்கை. கடைசி பாட்டிலைக் கொடுக்கிறப்ப அவன் கேக்கறான், ‘சாமி, வேலை செஞ்சா எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க’ன்னு...”

(இவ்விடத்தில் தகவலாளர் கண்ணில் நீர் வரச் சிரித்ததால் நேர்காணல் தடைப்பட்டது.)