வீட்டுச் சிக்கன் 65: ஒரு பிரமாண விசாரம்

எந்த நூலையும் அதன் காலத்தை நிர்ணயிக்காமல் படிப்பது பண்டிதர்க்கு அழகன்று என்று நம்மிடையே ஒரு சம்பிரதாயம் ஏற்பட்டுவிட்டபடியால், வாணலியில் எண்ணெய் காய்வதற்கு முன்பாகவே சிக்கன் 65-இன் காலத்தை நிச்சயித்துவிட வேண்டியவனாகிறேன். சென்னை மவுண்ட் ரோட்டுப் புகாரி ஹோட்டலில் 1965-இல் இது தோன்றிற்று என்பது அந்த ஹோட்டலாரின் கூற்று. பிற்காலத்தில் சிக்கன் 78, 82, 90 என்று ஆண்டுக் கணக்கிலேயே அவர்கள் வேறு சிலவற்றையும் இயற்றியிருப்பது இதற்கு அகச்சான்று. படைத்தவரே ஆண்டைச் சொல்லிவிட்ட பிறகு ஆராய்ச்சிக்கு இடமேது என்று பாமரர் கேட்பர். ஆசிரியன் வாக்கையே ஆதாரமாகக் கொள்வதென்றால், ஆராய்ச்சியாளர்கள் பிழைப்புக்கு எங்கே போவது?

ஆகவே மாற்றுக் கொள்கைகள் எழுந்தன. உணவுப் பட்டியலில் 65-ஆவதாக நின்றது என்பர் ஒரு சாரார். கிலோவுக்கு 65 மிளகாய் என்பர் காரவாதிகள். அவர்களோடு வாதிடுவது வயிற்றுக்கு ஆகாது. 65 நாள் வளர்ந்த கோழி என்று சாதிப்போர், இக்காலக் கறிக்கோழி ஆறேழு வாரத்திலேயே எடைக்கு வந்து கடைக்குப் போய்விடுகிறதென்பதையும், அதற்கு மேலும் தீனி போட்டுக்கொண்டிருக்கும் பண்ணைக்காரர் ஒன்று கணக்கறியாதவராகவோ அன்றிக் கோழியிடம் பற்று மிகுந்தவராகவோதான் இருக்க வேண்டுமென்பதையும் சிந்தித்தாரில்லை. ஒரு கோழியின் வயதில் சில வாரங்கள் முன்பின்னாவதற்கு இத்தனை வாதமா என்று நகைப்போர், தொல்காப்பியத்தின் வயதில் ஆயிரம் ஆண்டை முன்னும் பின்னும் தள்ளிப் பொன்னாடை பெறும் மகாவித்வான்களை முதலில் விசாரித்துவிட்டு என்னிடம் வரட்டும்.

நிற்க. ஊறவைத்தலாவது தயிர், இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், உப்பு. ஊறினால் கறி மெத்தென்றாகும், வேறு விசேஷமில்லை.

மாவு விஷயத்தில், சோளமாவும் முட்டையும் போதுமென்பது வடகலை. ஒரு கை அரிசிமாவு சேர்த்தாலொழிய மொறுமொறுப்பு சித்திக்காதென்பது தென்கலை. அடியேன் தென்கலை.

எண்ணெய் காய்ந்ததை அறிவதற்குப் பிரமாணங்கள் மூன்று. மலைமேற் புகையைக் கண்டு தீயை அனுமானித்தனர் தர்க்க நூலார். அடுக்களையிலோ புகையைக் கண்ட பிறகு அனுமானிக்கப் புகுந்தவன் காலங்கடந்தவன். ஆதலால் பிசறிய மாவில் ஒரு பொட்டைக் கிள்ளிப் போட வேண்டும். அது அடியிலேயே கிடந்தால் எண்ணெய் காயவில்லை. போட்ட மாத்திரத்தில் கருகினால் மிஞ்சிவிட்டது. சற்றே அமிழ்ந்து சலசலவென்று எழுந்தால் ஏறக்குறைய 170 அல்லது 180 பாகை என்று கொள்ளலாம். இது பிரத்தியட்சம். மாவிலுள்ள ஈரம் ஆவியாகி வெளியேறும் ஓசையே அச்சலசலப்பு என்பது அனுமானம். வாணலி கொள்ளாமல் துண்டுகளை நெருக்கினால் எண்ணெய் சூடிறங்கி, பொரிய வேண்டியது வெந்துபோகும் என்பது ஆகமம். இதற்கு 'அத்தை, கூடத்து ஊஞ்சல் உரை, வெற்றிலைப் படலம்' என்பதே மேற்கோள். நிறம் சிவந்து மணம் எழும் காரணத்தை 1912-இல் மையார் என்னும் பிரெஞ்சு இரசாயனி விளக்கினார். அத்தை அவரைக் கற்றதில்லை. அதனால் துண்டுகள் சிவக்காமல் இருந்ததுமில்லை.

இனி இச்சாஸ்திரத்தின் உயிர்நிலைக்கு வருவோம். எண்ணெயில் இட்ட துண்டுகளின் தொகையும் இலைக்கு வந்து சேரும் துண்டுகளின் தொகையும் எவ்வீட்டிலும் ஒத்திருக்கக் கண்டதில்லை. கண்கரண்டியில் அரித்தெடுத்துத் தாளில் வடியவிட்டு, கறிவேப்பிலையும் கீறிய பச்சைமிளகாயும் அதே எண்ணெயில் படபடவென்று வெடிக்க ஒதுங்கி நிற்கும் அந்த இடைவெளியில், தாளின்மேல் எண்ணெய் வட்டம் மட்டும் இருக்கிறது. அதன்மேல் இருந்த துண்டு இருப்பதில்லை. இதனை 'உப்புப் பார்த்தல்' என்பர். முதல் துண்டில் உப்புப் பார்ப்பது தர்மம். இரண்டாவதில் பார்ப்பது முதலாவதைச் சரிபார்ப்பதற்கு. மூன்றாவதிற் பார்ப்பதற்கு, 'எதிர்வீட்டு அம்மாள், மொட்டைமாடி வியாக்கியானம், வடாம் காயும் பருவம், கைப்பிடிச் சுவர்ப் பதிப்பு' உப்பு எல்லாத் துண்டிலும் ஒருபடித்தாய்ப் பரவாதென்று நியாயம் கற்பிக்கிறது. இவ்வுரையை மறுத்து அவர் நாத்தனார் தொலைபேசி வாயிலாக அருளிய கண்டனம், குக்கர் கூவியதால் நடுவே சில அடிகள் சிதைந்து, 'வேலைக்காரி கேட்டெழுதிய பாடம்' என்ற அளவிலேயே நமக்குக் கிட்டியிருக்கிறது. சிதைந்த அடிகளில் காரத்தைப் பற்றியும் ஒரு வாக்கியம் இருந்திருக்கக்கூடும் என்று ஊகிக்கலாம்; ஊகத்தின்மேல் ஒரு நூலே எழுதலாம், எழுதியோருமுண்டு.

இவ்வீட்டு இளைய தலைமுறையார் இதற்குப் பௌதிகக் காரணம் கூற முற்பட்டு, பொரிக்கையில் நீர் ஆவியாவதால் துண்டுகள் குறைகின்றன என்றனர். ஆவியாவதால் எடை குறையுமேயன்றி எண்ணிக்கை எங்ஙனம் குறையும் என்று யான் ஆட்சேபித்தபோது, வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தமையால் அவர்களால் உடனே விடையிறுக்க இயலவில்லை. மோவாயில் மட்டும் ஒரு கறிவேப்பிலை ஒட்டியிருந்தது. அதனைச் சான்றாகக் கொள்ளலாகாது, இடைச்செருகலாக இருக்கலாம் என்று வாதிடுகிறார்கள்.